கால், அரை, முக்கால் ஆங்கிலத்தில்: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை லேத் பட்டறை, ஈரோட்டு ஜவுளிக் கடை என எங்கே வேலை பார்த்தாலும் ஹாஃப், குவார்ட்டர், தேர்ட் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. மூன்றும் நமக்குப் பழகின சொற்கள். பழகினதுதான் வில்லங்கம். அர்த்தம் தெரியும் என்ற தைரியத்தில், ஆங்கிலக்காரர்கள் எதிலிருந்து, எந்தப் பக்கமாக எண்ணுகிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஆறே முக்காலை ‘சிக்ஸ் த்ரீ குவார்ட்டர்’னு சொன்னா தப்புங்களா?

தப்புதான். ஓரளவு புரிந்துகொள்வார்கள், ஆனால் அங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை. தமிழில் மணி முன்னோக்கியே கூடிக்கொண்டு போகும்: ஆறு, ஆறேகால், ஆறரை, ஆறேமுக்கால், ஏழு. ஆங்கிலத்தில் அரை வரைக்கும்தான் கூட்டல். அதைத் தாண்டியதும் அடுத்த மணிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். 6.15 என்றால் ‘குவார்ட்டர் பாஸ்ட் சிக்ஸ்’, 6.30 ‘ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்’. 6.45 வந்ததும் ஆறு காணாமல் போய் ‘குவார்ட்டர் டு செவன்’ ஆகிவிடும். மணி சொல்லும்போது முக்காலுக்கு வேலையே இல்லை. காத்திருந்த நேரத்தைச் சொல்லும்போது மட்டும் அது திரும்ப வரும்: முக்கால் மணி நேரம் என்பது ‘த்ரீ குவார்ட்டர்ஸ் ஆஃப் அன் அவர்’.

அமெரிக்கர்களோடு பேசுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் 6.15-ஐ ‘குவார்ட்டர் ஆஃப்டர் சிக்ஸ்’ என்பார்கள். 6.45-ஐச் சிலர் ‘குவார்ட்டர் ஆஃப் செவன்’ என்பார்கள். அந்த ‘ஆஃப்’ கழித்தல் கணக்கு. அதை ஏழேகால் என்று குறித்துக்கொண்டால் மீட்டிங் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேருவீர்கள்.

லண்டன் பையர் ‘ஹாஃப் செவன்’னு சொன்னார். ஆறரையா, ஏழரையா?

பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு வியாபாரி) லண்டன்காரராக இருந்தால் ஏழரை. ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’ என்பதில் நடுச்சொல்லை விழுங்கிவிடுவது பிரிட்டிஷ் பேச்சு வழக்கு.

ஆனால் திருப்பூர்ச் சரக்கு ஜெர்மனிக்கும் போகிறது, நெதர்லாந்துக்கும் போகிறது. அந்த இரண்டு நாட்டு மொழிகளிலும் கணக்கு தலைகீழ். ஜெர்மன்காரர் தம் மொழியில் ‘ஹால்ப் ஸீபன்’ என்றால் ஏழை நோக்கிப் பாதி வந்தாச்சு என்று பொருள், அதாவது 6.30. டச்சுக்காரர்களுக்கும் அதே கணக்குதான். அந்தப் பழக்கத்தில் அவர் ஆங்கிலத்திலும் ‘ஹாஃப் செவன்’ என்று சொல்லிவிட்டால் எந்த ஏழு, எந்த அரை என்று தெரியாது. யார் சொன்னாலும் கூச்சப்படாமல் ‘சிக்ஸ் தேர்ட்டி ஆர் செவன் தேர்ட்டி?’ என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும்போதும் ‘சிக்ஸ் தேர்ட்டி’, ‘சிக்ஸ் ஃபார்ட்டி ஃபைவ்’ என்றே சொல்லலாம். வியாபாரப் பேச்சில் ‘குவார்ட்டர் டு’ எல்லாம் அழகுக்குத்தான். எண்ணைச் சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் குழப்பம் வராது.

நாங்க ‘ஹாஃப்’னு சொன்னா போன்ல அவங்களுக்கு விளங்க மாட்டேங்குது. ஏனுங்க?

நம் வாயில் ‘ஹ’ நழுவிவிடும். ஆப் டிக்கெட், ஆப் பாயில் என்றே பேசிப் பழகிவிட்டோம். அதனால் பாதி என்ற சொல் (half), தள்ளுபடி என்ற சொல் (off), வேற்றுமை உருபுபோல வரும் சின்னச் சொல் (of) மூன்றும் ‘ஆப்’ என்றே கேட்கும். நேரில் கை காட்டிச் சமாளித்துவிடலாம், போனில் முடியாது. ‘ஹரி’ என்று பேர் சொல்லும்போது வரும் மூச்சுக்காற்றை முதலில் விட்டு, ‘ஹா’வை நீட்டி, கடைசியில் கீழுதட்டை மேல்பல்லில் லேசாக வைத்து முடியுங்கள். விலை பேசுகிற இடத்தில் மட்டுமாவது ‘ஃபிஃப்டி பர்சென்ட்’ என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்’ சரியா, ‘அவர்ஸ்’ சரியா?

‘அவர்ஸ்’. ஒன்றுக்கு மேல் துளி போனாலும் பன்மை. ஒன்றேகால் கிலோவும் ‘கிலோஸ்’தான். அரை மணி நேரத்துக்கு ‘ஹாஃப் அன் அவர்’, பன்மை கிடையாது. ‘அன் அவர் அண்ட் எ ஹாஃப்’ என்று திருப்பிப் போட்டால் ஒருமை வரும், அதுவும் சரி.

‘ஹாஃப் த’க்கு அப்புறம் ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா?

எதில் பாதி என்று பாருங்கள். துணியில் பாதி என்றால் ‘ஹாஃப் த கிளாத் இஸ்’. பீஸ்களில் பாதி என்றால் ‘ஹாஃப் த பீசஸ் ஆர்’. மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

‘தேர்ட்’னா மூணாவதா, மூணுல ஒண்ணா?

இரண்டும்தான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ‘த தேர்ட் ஷிப்மென்ட் இஸ் டேமேஜ்டு’ என்றால் மூன்றாவதாக அனுப்பிய சரக்கு கெட்டுவிட்டது. ‘எ தேர்ட் ஆஃப் த ஷிப்மென்ட் இஸ் டேமேஜ்டு’ என்றால் அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு கெட்டுவிட்டது. முதலில் வருவது ‘த’வா, ‘எ’வா, பின்னால் ‘ஆஃப்’ இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நாலாவது, அஞ்சாவது என எல்லா எண்ணுக்கும் இதே கதைதான். அரைக்கு மட்டும் ‘ஹாஃப்’ என்று தனிச்சொல் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் வருவதில்லை. பாதியை யாரும் ‘ஒன் செகண்ட்’ என்று சொல்ல மாட்டார்கள், அது ஒரு நொடி.

விலையை ‘பை எ தேர்ட்’ குறைக்கச் சொன்னா எவ்வளவு குறைக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பீஸ் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘ரெட்யூஸ் பை எ தேர்ட்’ என்றால் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட வேண்டும், மிச்சம் 60. ‘ரெட்யூஸ் டு எ தேர்ட்’ என்றால் மூன்றில் ஒரு பங்காக ஆக்க வேண்டும், மிச்சம் 30. ‘பை’ எடுப்பதைச் சொல்கிறது, ‘டு’ நிற்பதைச் சொல்கிறது. பாதி என்று வந்தால் இரண்டு வழியிலும் 45 என்ற ஒரே விடை வரும். அதனால்தான் பல வருஷம் ஆங்கிலத்தில் பேரம் பேசினவர்கள்கூட இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். ‘எ தேர்ட் ஆஃப்’ (a third off) என்று தள்ளுபடி போர்டு இருந்தால் அதுவும் ‘பை’ கணக்கு, 60 ரூபாய்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ‘ஹாஃப் அஸ் மெனி அகெய்ன்’. போன தடவை 1,000 பீஸ், இந்த முறை ‘ஹாஃப் அஸ் மெனி அகெய்ன்’ வேண்டும் என்றால் 1,500. கடைசியில் வரும் ‘அகெய்ன்’ காதில் விழாமல் போனால் 500 தைத்து வைப்பீர்கள். இப்படிப்பட்ட வாக்கியம் வந்தால் பதிலில் பீஸ் கணக்கை எண்ணால் எழுதி, சரிதானா என்று கேட்டுவிட்டு அப்புறம் நூலுக்கு ஆர்டர் போடுங்கள்.

3/4-ஐ ‘த்ரீ பை ஃபோர்’னு படிக்கலாமா?

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தியாவுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் காதில் ‘த்ரீ பை ஃபோர்’ என்றால் மூன்றுக்கு நாலு, அதாவது நீள அகலம். ‘டூ பை ஃபோர்’ என்றால் அமெரிக்காவில் வீடு கட்டும் மரச்சட்டம் (அது உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும், அது வேறு கதை). ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ எல்லா ஊருக்கும் பொது. ‘த்ரீ ஃபோர்த்ஸ்’ என்பது அமெரிக்காவில் அதிகம். இரண்டிலும் கடைசி ‘ஸ்’ முக்கியம், மேலே இருக்கும் எண் ஒன்றைத் தாண்டினால் அது வந்தே தீரும் (‘த்ரீ குவார்ட்டர் ஸ்லீவ்’ மாதிரி ஒரு பொருளின் பேருக்கு முன்னால் ஒட்டி வரும்போது மட்டும் குவார்ட்டரின் ‘ஸ்’ விழுந்துவிடும்). கணக்குப் பாடமாக இருந்தால் ‘த்ரீ ஓவர் ஃபோர்’ என்றும் படிப்பார்கள். ஒரு காபியை ரெண்டாகப் பிரித்துக் கேட்கும் நம்ம ‘ஒன் பை டூ’ வெளிநாட்டு ஹோட்டலில் செல்லாது.

ஹாஃப் ஸ்லீவ், முக்கால் பேன்ட், இதெல்லாம் பையருக்கு விளங்குமா?

பையர் ‘ஷார்ட் ஸ்லீவ்’ என்பார். ‘ஹாஃப் ஸ்லீவ்’ இந்திய வழக்கு. திருப்பூரோடு ரொம்ப நாள் பழகினவர்கள் புரிந்துகொள்வார்கள், ஆனால் டெக் பேக்கில் (உடுப்பின் அளவும் விவரமும் எழுதிப் பையர் அனுப்பும் தாளில்) ‘ஷார்ட்’ என்றுதான் இருக்கும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் முடியும் கைக்கு ‘த்ரீ குவார்ட்டர் ஸ்லீவ்’ என்பது அங்கேயும் உள்ள சொல்தான். கெண்டைக்காலோடு நிற்கும் பேன்ட்டை ‘காப்ரி’ என்று சொல்வது பாதுகாப்பு. டி-ஷர்ட்டின் பின்கழுத்துக்குள் வைத்துத் தைக்கும் அரைவட்டத் துண்டுக்கு ‘ஹாஃப் மூன்’ என்று அவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். அதில் சண்டையில்லை.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன்னு எப்படிச் சொல்றது? ‘டைம் அண்ட் எ ஹாஃப்’ அதுதானுங்களா?

இல்லை, இரண்டும் வேறு. ஒன்றரை ஷிப்ட் என்பது வேலை பார்த்த நேரத்தின் கணக்கு: எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நாலு மணி நேரம் அரை ஷிப்ட். அதை ‘ஐ ஒர்க் ஒன் அண்ட் எ ஹாஃப் ஷிப்ட்ஸ்’ என்று சொல்லலாம், ஆனால் வெளியூர்க்காரருக்கு ‘டுவெல்வ் அவர்ஸ்’ என்றால்தான் விளங்கும். ‘டைம் அண்ட் எ ஹாஃப்’ என்பது கூலியின் கணக்கு. ஓவர்டைமாகப் பார்க்கும் ஒவ்வொரு மணிக்கும் வழக்கமான கூலியைப் போல ஒன்றரை மடங்கு தருவது. அமெரிக்காவில் 1938-ஆம் வருஷத்துச் சட்டம் வாரம் 40 மணி நேரத்துக்கு மேலான வேலைக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு என்று வைத்தது, அதை ‘டபுள் டைம்’ அல்லது ‘ட்வைஸ் த ரேட்’ என்பார்கள். பையர் அனுப்பும் ஆடிட்டர் கேட்கும்போது இதையும் அதையும் மாற்றிச் சொல்லிவிட்டால், கம்பெனி கொடுக்கிற கூலியே வேறு மாதிரி ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

பட்டறையில் ‘மூணு நூல்’ என்கிறோம். ஆங்கிலத்தில்?

அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். ஆகவே மூணு நூல் ‘த்ரீ எய்த்ஸ்’, நாலு நூல் ‘ஹாஃப் இன்ச்’. ஒன்றரை நூலுக்கு ‘த்ரீ சிக்ஸ்டீன்த்ஸ்’ என்று பதினாறுக்கு இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லும்போது மேல் எண் இரட்டைப்படையாக இருந்தால் சுருக்கிவிடுவார்கள்: ஆறு நூலை ‘சிக்ஸ் எய்த்ஸ்’ என்று கேட்டால் ஸ்பேனர் கடைக்காரர் விழிப்பார், ‘த்ரீ குவார்ட்டர்’ என்று கேட்க வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் போனால் ‘தௌ’ என்று ஒரு சொல் வரும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, சுமார் 25 மைக்ரான்.

பைப்பில் மட்டும் பேரை நம்பாதீர்கள். அரை இன்ச் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர். அரை இன்ச் என்பது 12.7 தானே என்று கேலிப்பர் வைத்துச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, அது பேர், அளவு அல்ல.

குவார்ட்டர்னா கால்தானே? அப்புறம் ஏன் இத்தனை அர்த்தம்?

நம்ம ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த பாட்டிலில் இருப்பது 180 மில்லி. முழு பாட்டில் 750, அதில் கால் 187.5 வர வேண்டும். குடிக்கிறவர்கள் யாரும் அந்த ஏழரை மில்லியைக் கேட்டு வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் போய் ‘ஒன் குவார்ட்டர்’ என்று கேட்டால் எதில் கால் என்று திருப்பிக் கேட்பார்கள்.

அமெரிக்காவில் குவார்ட்டர் 25 சென்ட் நாணயம், நம்ம பழைய நாலணாவின் இடம். வியாபாரத்தில் அது மூன்று மாதம். இங்கே கவனம் வேண்டும்: நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் நமக்கு முதல் குவார்ட்டர் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஜனவரியில் வருஷம் தொடங்கும் கம்பெனிக்கு அதுவே இரண்டாவது குவார்ட்டர். ‘செகண்ட் குவார்ட்டர் டெலிவரி’ என்று மெயில் வந்தால் மாதத்தின் பேரைக் கேட்டு வாங்குங்கள். வால்பாறை எஸ்டேட்டிலும் மில்லிலும் சொல்லும் ஸ்டாஃப் ‘குவார்ட்டர்ஸ்’ தங்குமிடம், அதற்கு எப்போதும் ‘ஸ்’ உண்டு. ‘ஃப்ரம் ஆல் குவார்ட்டர்ஸ்’ என்றால் நாலா பக்கத்திலிருந்தும். ‘அட் க்ளோஸ் குவார்ட்டர்ஸ்’ என்றால் மிகக் கிட்டத்தில்.

அரைவேக்காடு, அரைமனசு, இதுக்கெல்லாம் ஆங்கிலத்திலும் அரைதானா?

பல இடங்களில் அச்சு அசலாகப் பொருந்தும். அரைவேக்காட்டு யோசனை ‘ஹாஃப்-பேக்டு ஐடியா’, அரைத்தூக்கம் ‘ஹாஃப் அஸ்லீப்’. அரைமனசோடு செய்தால் ‘ஹாஃப்-ஹார்ட்டட்’. இங்கேதான் ஒரு பள்ளம். அரைமனசு என்றதும் ‘ஹாஃப் எ மைண்ட்’ என்று சொல்லத் தோன்றும், ஆனால் அதன் பொருள் ஏறக்குறைய எதிர்ப்பக்கம். ‘ஐ ஹேவ் ஹாஃப் எ மைண்ட் டு கேன்சல் த ஆர்டர்’ என்று ஒருவர் சொன்னால், ஆர்டரை ரத்து செய்ய அவருக்கு மனசில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வருகிற கோபத்துக்கு ரத்து செய்துவிடலாமா என்றிருக்கிறார்.

‘நாட் ஹாஃப் பேட்’ என்பதும் அப்படித்தான். பாதிகூடக் கெட்டதில்லை என்று சொற்களைப் பிரித்துப் பார்த்தால் குறை சொல்வது மாதிரி இருக்கும். உண்மையில் அது பாராட்டு, நம்ம ஆட்கள் ‘பரவாயில்லையே!’ என்று இழுத்துச் சொல்வதற்கு நேர். சாம்பிளைப் பார்த்து பிரிட்டிஷ்காரர் அப்படிச் சொன்னால் சந்தோஷப்படலாம். ‘டூ கிளெவர் பை ஹாஃப்’ என்றால் மட்டும் வேண்டாம், அது அதிகப்பிரசங்கி என்பதன் நாகரிக வடிவம். ‘லெட்ஸ் மீட் ஹாஃப்வே’ என்றால் பல்லடத்தில் சந்திக்கலாம் என்று இல்லை. நீங்கள் 4 டாலர் கேட்கிறீர்கள், அவர் 3.60 என்கிறார், 3.80-க்கு முடிப்போமா என்று பொருள்.

மனைவியை ‘பெட்டர் ஹாஃப்’னு சொல்றது கேலியா, மரியாதையா?

மரியாதையும் கொஞ்சம் செல்லக் கேலியும். நாம் சரிபாதி என்கிறோம். திருச்செங்கோட்டு மலையில் அர்த்தநாரீசுவரர் ஒரே உடம்பில் நேர்பாதியாகத்தான் நிற்கிறார். ஆங்கிலம் ஒரு படி மேலே போய், பாதிகளில் நல்ல பாதி அவர் என்கிறது. கணவனையும் அப்படிச் சொல்லலாம். பையரின் மனைவியை முதல் சந்திப்பிலேயே அப்படிக் குறிப்பிட வேண்டாம், ‘யுவர் வைஃப்’ போதும்.

‘ஏழரையை இழுத்து விட்டுட்டான்’னு ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா?

‘செவன் அண்ட் எ ஹாஃப்’ என்று சொன்னால் செருப்பு சைஸ் என்று நினைப்பார்கள். மூன்று ராசியில் ராசிக்கு இரண்டரை வருஷமாகச் சனி இருக்கும் கணக்கு அவர்களுக்குக் கிடையாது. ‘ஹி ஹேஸ் லேண்டட் அஸ் இன் ட்ரபிள்’ என்று விட்டுவிடுங்கள்.

ஹோட்டலில் ஹாஃப் பாயில் கேட்டா அங்கே கிடைக்குமா?

‘சன்னி சைட் அப்’ என்று கேட்டால் கிடைக்கும். ஹாஃப் பாயில் என்றால் தண்ணீரில் பாதி வேகவைத்த முட்டையை ஓட்டோடு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நம்ம ஹாஃப் பாயிலில் கொதிக்க வைக்கிற வேலையே இல்லை என்பதை யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. அமெரிக்காவில் ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ என்று கேட்டால் காபிக்கு ஊற்றும் பாலும் க்ரீமும் கலந்த பாக்கெட் வரும்.

பத்து சென்ட் நிலம் இருக்குன்னு வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா?

சொன்னால் காசுக் கணக்கு என்று நினைப்பார்கள். ஏக்கரில் நூறில் ஒன்றைச் சென்ட் என்பது தென்னிந்திய வழக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்து சென்ட்டை ‘எ டென்த் ஆஃப் அன் ஏக்கர்’ என்றும், இருபத்தஞ்சு சென்ட்டைக் ‘குவார்ட்டர் ஆஃப் அன் ஏக்கர்’ என்றும் சொல்லுங்கள்.

அரைக்கால், மாகாணிக்கெல்லாம் ஆங்கிலத்தில் பேர் இருக்குங்களா? எங்க அப்பாரு அதிலேயே கணக்குப் போடுவாரு.

தனிப்பேர் இல்லை. அரைக்கால் ‘எய்த்’, மாகாணியும் வீசமும் ‘சிக்ஸ்டீன்த்’. முந்திரி 320-இல் ஒன்று, அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அப்பாரு பெருக்கியே முடித்திருப்பார். பின்னங்களுக்கு இத்தனை பேர் வைத்த விஷயத்தில் நாம் பல படி மேலே. ஆனால் ஒரு பேர் அவர்களிடமும் இருந்தது: ஃபார்திங். பென்னியில் கால் பங்கான செப்புக்காசு, நாலில் ஒன்று என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. காலணா பெறாத விஷயம் என்று நாம் சொல்வதை அவர்கள் ‘நாட் வொர்த் எ பிராஸ் ஃபார்திங்’ என்பார்கள். காசு போய்விட்டாலும் இரண்டு ஊரிலும் பேச்சு நிற்கிறது.

‘எ ஃப்ராக்ஷன் ஆஃப் த காஸ்ட்’னா எவ்வளவு?

ரொம்பக் கொஞ்சம். கணக்குப்படி பத்தில் ஒன்பதும் ஃப்ராக்ஷன்தான், ஆனால் பேச்சில் அந்தச் சொல் சிறு பங்கை மட்டுமே குறிக்கும். ‘ஒன்லி எ ஃப்ராக்ஷன் ஆஃப் த ஆர்டர் இஸ் ரெடி’ என்று நீங்கள் பையருக்கு எழுதினால், பெட்டியில் ஏதோ நாலு பீஸ்தான் இருக்கிறது என்று அவர் பயந்துவிடுவார். பாதிக்கு மேல் முடிந்திருந்தால் ‘மோர் தன் ஹாஃப்’ என்று எழுதுங்கள், எத்தனை பீஸ் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.